ஐயாயிரம் ரூபியா ஈரல்

ஒரு கல்லீரலின் விலை ஐயாயிரம் ரூபியா. குவளை நிறையக் கசப்பு; கடன் கிடையாது.

விலையைச் சொல்லிவிட்டு, நிலவேம்பும் ஜாவா மஞ்சளும் கொதித்த புட்டிகளைக் கூடையில் அடுக்கி, துணியால் முதுகோடு வரிந்து கட்டிக்கொண்டு நடையைக் கட்டினாள் லஸ்மினி. சோலோ நகரத்துச் சந்துகளில் இருபது வருஷமாக ஜாமு கஷாயம் விற்கிறவள்.

"குவளை வேணாம்க்கா, பக்குவத்தைக் கொடுங்க. அஞ்சு கோடி ரூபியா, ரொக்கமா!" என்று பின்னாலேயே ஓடினார் விதார்சோ.

விதார்சோ ஜகார்த்தா மருந்துக் கம்பெனி ஒன்றின் கொள்முதல் ஆள். லஸ்மினியிடம் குடிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஈரல் கொழுப்பு கரைகிறதாம். முதலாளி ஒரு புட்டியைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தார். ஊரில் எல்லாக் கூடையிலும் உள்ள அதே சரக்குதான் என்று அறிக்கை வந்தது. அப்படியானால் சூட்சுமம் பக்குவத்தில்தானே?

"உனக்கும் சர்க்கரை, உன் ஈரலும் கொழுத்துக் கிடக்கு. உன்னை நம்புவா" என்று சொல்லி அனுப்பினார் முதலாளி. "மூணு மாசம். பக்குவத்தோட வந்தா மேனேஜர் நாற்காலி. வெறுங்கையோட வந்தா வேலையே கிடையாது."

முதல் நாள் மோட்டார் சைக்கிளில் போனார். லஸ்மினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வண்டியில உக்காந்து பேரம் பேசுறவருக்கு என் முதுகுதான் பதில் சொல்லும், பாக்." 'பாக்' என்றால் அந்த ஊரில் 'ஐயா'; மரியாதைக்குக் குறைச்சலில்லை.

இறங்கினார். மறுநாளும் இறங்கினார்.

அவள் வியாபாரமே விசித்திரம். சளிக்காரனுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் வாசலிலேயே ஊற்றிக் கொடுப்பாள். சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் கடைசியில், ஆற்றங்கரையில்தான். ஒரு கூட்டமே வியர்த்து வழிந்துகொண்டு கூடையின் பின்னால் வரும். கிராக்கி ஏற ஏறத் தலைக்கனமும் ஏறத்தானே செய்யும் என்று விதார்சோ நினைத்துக்கொண்டார்.

"எட்டுக் கோடி."

"என் கூடையில இருக்கிற வரைக்கும்தான் அது மருந்து, பாக். உங்க டப்பாவுல போட்டா வெறும் கசப்பு."

"கையெழுத்துப் போட்டா நீங்க இப்படி முதுகு ஒடிய நடக்க வேணாமே, அக்கா?"

"என் முதுகு ஒடிஞ்சா உங்க முதலாளி முதுகைக் கடன் கேக்க மாட்டேன். ஓரமா வாங்க, ஆட்டோ வருது."

ஆற்றங்கரையில் ஒரு குவளையை நீட்டினாள். "வாங்குறவர் ருசி பார்க்க வேணாமா?"

"விலை படியாத சரக்கை நாக்குல வெச்சா பேரம் போச்சு." அப்பா சந்தையில் சொல்லிக் கொடுத்த பாடம், விதார்சோ விடுவாரா?

"அப்ப நாளைக்கும் வாங்க" என்று சிரித்தாள்.

வந்தார். பத்துக் கோடி, பதினைந்து கோடி என்று ஏற்றிக்கொண்டே வந்தார். கெஞ்சினார், மிரட்டினார், லைசென்ஸ் எங்கே என்றுகூடக் கேட்டார்.

"இந்தக் கால்தான் லைசென்ஸ். பிடுங்கிக்கிட்டுப் போங்களேன்!" என்று சந்தே கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த திருப்பத்தில் திரும்பினாள்.

ஞாயிறு தவிர ஒரு நாளும் தப்பவில்லை. பதின்மூன்றாவது வாரம் கெடு முடிந்தது. வெறுங்கையோடு ஜகார்த்தா திரும்பினார்.

கம்பெனி டாக்டர் வழக்கம்போல ரத்தம் எடுத்தார், வயிற்றை ஸ்கேன் செய்தார். அறிக்கையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை செய்தார். பிறகு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்கே ஓடினார். போன தடவை இன்சுலின் வரை போயிருந்த பேச்சு. இப்போது சர்க்கரை இறங்கி, ஈரல் கொழுப்பு பாதியாகியிருந்தது. மாத்திரையோ அதே பழைய மாத்திரை.

வேலையை விட்டு அனுப்பக் காத்திருந்த முதலாளி எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

"பக்குவம் கிடைக்காட்டி என்னய்யா? நீயே சாட்சி! அதே சரக்கை டப்பாவுல அடைச்சு, மேல உன் போட்டோவைப் போடுறேன். மேனேஜர் நாற்காலி உனக்குத்தான். கணக்கை மட்டும் சொல்லு, விளம்பரத்துல போடணும். மொத்தம் எத்தனை குவளை குடிச்சே?"

விதார்சோ நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

"எழுபத்தெட்டு நாள், நாளுக்கு ஏழு கிலோமீட்டர். அந்தம்மா பின்னாடி நடந்தது ஐந்நூத்தி நாப்பத்தாறு, சார். குடிச்சது பூஜ்யம்."