ஒரு சதமும் செலவில்லை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் திருகோணமலைத் துறைமுகத்து மீன் குளிரறைக் கட்டடத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: கந்தோருக்குள் மனேஜர் சவுந்தரநாயகமும் மின்வேலை பார்க்கும் நிக்கலஸும், வாசலில் காவலாளி அபூதாஹிரும்.

"வயர் சோதிக்கிற மீற்றருக்கு வெளிநாட்டுப் பற்றரி கள்ளவிலை. வேற வழி பார். இல்லாட்டித் திங்கட்கிழமை நீ வராத" என்று காலையில் மனேஜர் சொல்லியிருந்தார்.

இப்போது அந்த மீற்றர் நாலு டோர்ச் பற்றரியில் ஓடியது. முள் துள்ளி எழுந்தது.

"கெட்டிக்காரனடா! எவ்வளவு முடிஞ்சது?"

"ஒரு சதமுமில்லை சேர். இங்க சும்மா கிடந்த பற்றரியள்தான்."

மனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, மீற்றரை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "போகேக்க ஒரு பாரை மீன் எடுத்துக்கொண்டு போ."

வேலை தப்பிய சந்தோசத்தில் நிக்கலஸ் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசி மூலையில் பெரிய பாரையாகப் பார்த்துப் பொறுக்கினான்.

விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பூட்டுவதற்கு முன் அபூதாஹிர் காட்டும் அடையாளம் அது. அந்தத் தடித்த கதவைத் தாண்டிக் கத்தினாலும் கேட்காது. உள்ளே ஆள் நின்றால், வாசலில் அடிக்கும் மணியின் பொத்தானை மூலைச் சுவரில் அமத்தவேண்டும்.

நிக்கலஸ் ஆறுதலாக அமத்தினான்.

மணி அடிக்கவில்லை. அதற்குள் கிடந்த நாலு பற்றரிகளையும் காலையில் கழற்றியவன் அவன்தான்.

முதுகுக்குப் பின்னால் கதவில் பூட்டு விழுந்தது.