மூன்றாவது புட்டி

எஞ்சினுக்குப் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் மருந்தின் மூன்றாவது புட்டியை நாயிஃப் பெட்ரோல் டேங்கில் கவிழ்த்தான். அம்மானில் விடிய விடிய வாடகைக்குக் கார் ஓட்டிவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவன். முன்பு நான்கு இரவு தாங்கிய டேங்க், இப்போது இரண்டுகூடத் தாங்குவதில்லை.

"இதுவும் கேக்கலைன்னா?"

"சும்மா ஊத்துங்க அபூ லைத்! வண்டிக்கும் வயித்தைச் சுத்தம் பண்ணணும்ல?" என்றான் மெக்கானிக் வஜீஹ், ஊர் வழக்கப்படி நாயிஃபை மகன் பேரோடு சேர்த்துக் கூப்பிட்டு.

அந்த வாரம் டேங்க் நான்கு இரவும் தாங்கியது. களைத்த முகத்தில் அபூர்வமான சிரிப்போடு வீட்டுக்கு வந்தான்.

"அபீர், மருந்து பிடிச்சிருச்சு!"

டீயைக் கொண்டுவந்து வைத்த மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன.

"மருந்தில்லைங்க. நீங்க தூங்கும்போது நான்தான் காரை எடுத்துட்டுப் போவேன்."

"எங்கே?"

"சர்க்காவுக்கு, உங்க அண்ணன் வீட்டுக்கு. அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. ரத்தம் சுத்தம் பண்ண இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து, திரும்ப வீட்ல விட்டுட்டு வருவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவர் பேரையே இந்த வீட்ல எடுக்கக்கூடாதுன்னீங்களே."

நாயிஃபின் குரல் இறங்கியது. "அப்போ இந்த வாரம்?"

"இனி கூட்டிட்டு வர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலேயே படுக்க வச்சுட்டாங்க. நினைவு வரும்போதெல்லாம் உங்களைத்தான் கேக்குறார்."

டீயைத் தொடாமல் எழுந்தான். சாவியை அவளிடம் நீட்டினான்.

"நீயே ஓட்டு. அண்ணன்கிட்ட போற வழி உனக்குத்தான் தெரியும்."