திவால் அதிகாரியின் சொந்தக்காரர்கள்

"மோட்டாரை எடுக்கணும்னா என்னைத் தாண்டிட்டுப் போ!" என்று வாசலை மறித்துப் படுத்தே விட்டான் மிகேரே.

திவால் அதிகாரி ரகேரா கையிலிருந்த பட்டியலைப் புரட்டினாள். சாமான் ஏற்ற வந்த லாரியில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவ்ரோவின் கப்பல் கம்பெனியில் டிக்கெட் கிழிப்பவன் நான். கம்பெனி நொடித்துப்போய் எங்கள் எல்லாருக்கும் சம்பளம் பாக்கி. கோர்ட் அனுப்பிய இந்த அம்மாள் எதையாவது மீட்டு ஏலம் விட்டால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பவ்ரோ கெட்டவர் இல்லை. அதுதான் வினையே. எங்கள் தாராவாத் தீவில் சொந்தக்காரன் வந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஊர் காறித் துப்பும். பவ்ரோவுக்கோ தீவுக்குத் தீவு சொந்தம். மிகேரேக்குப் படகு மோட்டார், மச்சினிக்கு ஐஸ் பெட்டி, சித்திக்குத் தையல் மெஷின் என்று கம்பெனியே கரைந்து போனது.

"கம்பெனி நொடிக்கிற நேரத்துல சும்மா தூக்கிக் குடுத்தது சட்டப்படி செல்லாதுங்க. திருப்பித் தரணும்" என்றாள் ரகேரா. வெளிநாட்டில், பிரிஸ்பேனில் வளர்ந்தவள். எங்கள் பேச்சு அவள் வாயில் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"சொந்தக்காரன் கேட்டான், சொந்தக்காரன் குடுத்தான். நடுவுல உன் சட்டம் யாரு? எனக்கு மாமனா, மச்சானா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரகேரா செருப்பைக் கழற்றிவிட்டு அவன் எதிரில் பாயில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவுக்கு ஒனோடோவா தீவு. அவரோட அப்பா பேரு தேகாய். தேகாய்க்கு ஒரு அண்ணன், இயோதேபான்னு."

மிகேரே எழுந்து உட்கார்ந்தான். "எந்த இயோதேபா? சுறா கடிச்ச காலா?"

"ஆமா. இடது கால்."

"அடிப்பாவி! அவரு எங்க தாத்தா. அப்ப நீ எனக்குத் தங்கச்சி முறை!"

"அப்படித்தான் அண்ணே. அந்த மோட்டார் எனக்கு வேணும்."

சொந்தக்காரி கேட்டுவிட்டாள். மிகேரே தானே மோட்டாரைத் தோளில் தூக்கி வந்து லாரியில் வைத்தான்.

"கள்ளி! உறவைத் தூண்டிலாப் போட்டு மீன் பிடிக்கிறா" என்றாள் அவன் மனைவி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடிக்கிற ரகம். சம்பளம் வரப்போகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதே மாதிரி வீடு வீடாகப் போனாள். தேடினால் இந்த ஊரில் யார்தான் சொந்தமில்லை? ஓரிடத்தில் சித்தி கிடைத்தாள், ஐஸ் பெட்டி வந்தது. இன்னோரிடத்தில் மாமா கிடைத்தார், தையல் மெஷின் வந்தது.

தன் வினை தன்னைச் சுடாமல் விடுமா? மிகேரேயின் மனைவி ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

"நாத்தனாரே, அந்த ஐஸ் பெட்டியை எனக்குக் குடேன்."

"அது கப்பல்ல உழைச்சவங்களுக்குச் சேர வேண்டியது அண்ணி. என்னோடதைக் கேளுங்க."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, அந்த வாட்ச்."

வாட்ச் போனது. பின்னாலேயே சித்தி வந்தாள், செருப்பு போனது. சக்கரம் வைத்த பெட்டியைச் சித்தப்பா உருட்டிக்கொண்டு போனார். மூக்குக் கண்ணாடியைக்கூட மாமா வாங்கிப் போட்டுப் பார்த்தார். கண் தெரியவில்லை என்று பெரிய மனது பண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

டிக்கெட் கவுண்டருக்குள் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஏலம் முடிந்து சம்பளம் கைக்கு வந்தது. ரகேராவை விமானம் ஏற்றிவிட நான்தான் போனேன். வெறுங்காலோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றாள். சிரித்ததை நினைத்து எனக்கு நெஞ்சு உறுத்தியது.

"மேடம், போலீஸை வச்சுப் பறிமுதல் பண்ணிக்கலாம்னு கோர்ட்ல அப்பவே உத்தரவு குடுத்துட்டாங்களாமே?"

"ஆமா, குடுத்தாங்க."

"அப்புறம் எதுக்கு வீடு வீடாப் போய் உக்காந்தீங்க? பாருங்க, காலுக்குச் செருப்புகூட மிஞ்சல."

"போலீஸ் போயிருந்தா மோட்டார் வந்திருக்கும். அண்ணி வந்திருப்பாங்களா?"

அவள் பிளாஸ்டிக் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்பா போனப்புறம் பிரிஸ்பேன்ல நான் ஒத்தை ஆளு தம்பி. வீட்டுல எல்லாமே இருக்கு. ஒரு கரண்டி சர்க்கரை குடுன்னு கேட்டு ஒருத்தர்கூட என் கதவைத் தட்டினதில்ல."

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். கேட்கிற மாதிரி அவளிடம் மிச்சம் இருந்தது தலையில் இருந்த தொப்பி ஒன்றுதான்.

"அக்கா," என்றேன். "அந்தத் தொப்பி எனக்கு வேணும்."

கழற்றி என் தலையில் வைத்து, கோணலை நேராக்கிவிட்டாள்.

"நீ மட்டும் ஏன் இன்னும் எதுவும் கேக்கலன்னு, வந்த நாள்லேருந்து நெனச்சுக்கிட்டே இருந்தேன்டா."