அரை நிமிஷ மேனேஜர்

“நம்ம தோக்கதுக்குக் கோச்சுதான் காரணம்” என்று சுடலைராஜ் சொன்ன அதே நேரத்தில் என் காதுக்குள், “வரும்போது கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கிட்டு வாங்க” என்றாள் என் மனைவி. இரண்டுக்கும் சேர்த்து “சரி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். இப்ராஹீம் பாயின் செல்போன் ரிப்பேர் கடையில், அவர் போனிலிருந்து நெட் எடுத்து ஓடுகிற டிவியில் கிரிக்கெட். ஆட்டோ ஓட்டும் சுடலைராஜுக்குக் கோச்சைப் பிடிக்காது, பாய்க்கு பவுலர்களைப் பிடிக்காது. நான் சொல்வதை இருவருமே காதில் வாங்க மாட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. பதினைந்து வருடமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொன்ன ஒன்றுகூட பலித்ததில்லை. ஒருவன் செஞ்சுரி அடிப்பான் என்று நான் சொன்னால் அடுத்த பந்தில் அவன் திரும்பி வந்துகொண்டிருப்பான்.

“பவுலரு ஒழுங்காப் போட்டா கோச்சு என்னத்துக்கு?” என்றார் பாய். “ஓவருக்குப் பதினாலு ரன்னு குடுக்கான். தானதர்மமா பண்ணுதான்?”

“யார எப்பப் போடணும்னு சொல்லத்தான பாய் கோச்சு.”

எங்கள் ஊர் டீமிலும் அதே பிரச்சினைதான். யார் ஆடுவது, யார் எந்த ஓவர் போடுவது என்று முடிவு செய்யும் மேனேஜர் சித்தீக், திடீரென்று துபாய்க்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு குருவிகுளத்தோடு ஃபைனல். டீமின் தலைவர் பாய்தான். மேனேஜர் ஆக எனக்குப் பல வருட ஆசை, கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்டதில்லை.

என் மனைவி ஆவுடையம்மாள் இன்னும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை, வைத்தால் ஏன் வைத்தீர்கள் என்று மறுபடியும் போன் வரும். காதில் இருந்த புளூடூத்தை யாரும் கவனிக்கவில்லை.

“பாய், கமெண்ட்ரி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க” என்றேன்.

“கொறைக்கச் சொல்லாதிய, இருக்கட்டும்” என்றாள் அவள்.

எதிரணி பேட்ஸ்மேன் ஒருவன் அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்தான். ஓவர் முடிந்தது. சுடலைராஜ் கோச்சின் பரம்பரையையே வம்புக்கு இழுத்தான்.

“மெதுவாப் போடுதவருகிட்ட குடுக்கச் சொல்லுங்க” என்றாள் ஆவுடை. “ரெண்டு அடிச்சிட்டாருல்லா, இனி பொறுமை இருக்காது. ஒங்கள மாதிரிதான். மூணாவதும் தூக்குவாரு, தூரத்துல ஒரு ஆள் நின்னாப் போதும்.”

அதையே என் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டேன். “ஸ்பின்னருகிட்ட குடுப்பான், பாருங்க. இவன் தூக்கி அடிச்சு கேட்ச்சு குடுத்துட்டுப் போவான்.”

இருவரும் சிரித்தார்கள். ஸ்பின்னர் வந்தான். ஒரு ரன் ஓடி அந்த பேட்ஸ்மேன் மறுபடி எதிரே வந்தான். தூக்கி அடித்தான். எல்லைக்கோட்டில் பிடித்துவிட்டார்கள்.

எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. வீட்டில் கேபிள், கடையில் நெட். நெட்டில் வருவது அரை நிமிஷம் பிந்தித்தான் வரும் என்று பாயே சொல்லியிருக்கிறார். வீட்டு டிவியில் விழுந்துவிட்ட விக்கெட்டைத்தான் ஆவுடை சொல்கிறாள். நடந்ததை நடக்கப்போவதுபோலச் சொல்ல என்ன சாமர்த்தியம் என்று வியந்தேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக சுடலைராஜ் ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டிருந்தான். வெட்கத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

“இப்ப வந்திருக்கவருக்கு இதான் மொத மேட்ச்சாம்லா” என்றாள். “ஒரு எடத்துல நிக்க மாட்டாரு. நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடுனியளே, அப்படித்தான் ஓடுவாரு. பக்கத்துல ரெண்டு ஆள நிறுத்துனாப் போதும்.”

பெண் பார்த்த கதையை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். இரண்டாவது பந்திலேயே அவன் பாதி தூரம் ஓடி, திரும்ப முடியாமல் ரன் அவுட் ஆனான்.

“வே சௌந்தரபாண்டியா” என்றார் பாய். குரலே மாறியிருந்தது. “இவ்வளவு அறிவையும் எங்கன வே வச்சிருந்தீரு?”

காதில் என்றா சொல்ல முடியும்? அடக்கமாகச் சிரித்தேன்.

கடைசி ஓவர், அவர்களுக்கு ஏழு ரன் வேண்டும். “அடி வாங்குனவருகிட்ட குடுக்காண்டாம், கோவத்துல போடுவாரு” என்றாள் ஆவுடை. “அந்த மெதுவாப் போடுதவருக்கே ஒரு ஓவர் பாக்கி கெடக்குல்லா.” நான் சொன்னேன். அவனே வந்தான். மூன்று ரன்தான் கொடுத்தான், ஜெயித்துவிட்டோம்.

“அடுத்த ஞாயித்துக்கெழம நீருதாம்வே நம்ம டீமுக்கு மேனேஜரு” என்றார் பாய். “அண்ணாச்சி சொன்ன ஆளுதான் பந்து போடுவான், இனி அதுல பேச்சே கெடையாது” என்றான் சுடலைராஜ். ஒரு வார்த்தை மறுக்காமல் ஒத்துக்கொண்டேன்.

தெருவில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. மைதானத்தில் பந்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தானே விழும்?

“ஏட்டி ஆவுடை, வசமா மாட்டிக்கிட்டேன்” என்றேன். “என்னைய மேனேஜரு ஆக்கிட்டாவ. ஃபைனலு கிரவுண்டுல நடக்கு. நீ டிவியில முன்னாடியே பாத்துச் சொல்ல முடியாதே. ஊரு முன்னால என் மானம் போகப்போகுது.”



“டிவியா?” என்றாள். “நீங்க அங்க கெளம்பிப் போனதுமே நம்ம தெருவுல கரண்டு போயிட்டே.”