அரைவட்டமாக நின்ற ஆஸ்பத்திரி

பெரிய பிலிமில் படம் எடுத்துத் தருகிறோம் என்று ஒத்துக்கொண்டு, சின்ன பிலிம் கேமராவோடு போய் நின்றால் அதற்கு என்ன பேர் சொல்வீர்கள்?

ஆஸ்பத்திரி மேனேஜர் “பித்தலாட்டம்” என்றார். அதுவும் அறுபது பேருக்கு முன்னால்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற எனக்கு முகம் செத்துப்போனது. ஸ்டூடியோ என் நாத்தனாருடையது. படம் எடுப்பது அவள். பிலிம் மாட்டுவது, கழுவுவது, கூடவே திட்டு வாங்குவது நான்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எல்லாரையும் ஒரே நீளப் படமாக எடுத்து ஹாலில் மாட்டுவார்கள். வருஷா வருஷம் நடப்பது. இந்த வருஷம்தான் வேலை எங்களுக்கு வந்தது. பிடித்துப்போனால் இனி எப்போதும் நாங்கள்தான்.

அவள் காதில் கிசுகிசுத்தேன். “ஏம்மா, பிலிம்லயே முக்கால் சாண் நீளத்துக்குப் படம் விழுற பெரிய கேமராவை வீட்டுல தூங்க வெச்சிட்டு இதையா தூக்கிட்டு வருவ?”

“அண்ணி, இதுலதான் லென்ஸ் சுத்தும். இந்தப் படத்துக்கு இதுதான் வேணும். பேசாம பிலிமைப் போடுங்க.”

அடுத்து இன்னொரு கூத்து. “எல்லாரும் என்னைச் சுத்தி அரைவட்டமா நில்லுங்க” என்றாள்.

“சர்க்கஸா காட்டப் போற? நேரா நிக்கச் சொல்லும்மா!” என்றார் மேனேஜர்.

“நேரா நின்னா இந்தக் கேமராவுல வரிசை வில்லு மாதிரி வளைஞ்சிடும் சார். வளைஞ்சு நின்னாதான் நேரா வரும்.”

“நல்ல கேமரா! சரி, பெரிய டாக்டர் நாற்காலியை முன்னாடி தள்ளிப் போடு.”

“முன்னாடி போட்டா அவர் மட்டும் பெருசா தெரிவாரு.”

“அதுக்குத்தானேம்மா போடுறது!”

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியைத் தானே தூக்கி வரிசைக்குள் போட்டுக்கொண்டார். “எடும்மா, ஆபரேஷன் காத்திருக்கு.”

லென்ஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ‘கர்ர்’ என்று திரும்பியது. முடிந்தது.

“இனிமே இந்தப் பக்கம் நாம தலைவெச்சுப் படுக்க முடியாது” என்று வழி நெடுகப் புலம்பினேன். அவள் என் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள், ஆள் நீளத்துக்கு அச்சுப்போட்ட படத்தை மேனேஜர் மேஜையில் விரித்தோம். அவர் முதலில் பெரிய டாக்டரைத் தேடினார். சட்டென்று கிடைக்கவில்லை.

“என்னம்மா இது, எல்லாரும் ஒரே அளவுல இருக்காங்க?”

“ஆமா சார். ஹால்ல மாட்டியிருக்கிற ஒன்பது படத்தையும் பார்த்தேன். எல்லாம் பெரிய பிலிம். நடுவுல இருக்கிறவங்க பளிச்சுனு இருக்காங்க. கோடியில இருக்கிறவங்க முகம் இழுபட்டு, இருட்டடிச்சுக் கிடக்கு. ஒன்பது வருஷமும் கோடியில நின்னது துணி வெளுக்கிறவங்களும் கூட்டிப் பெருக்குறவங்களும்தான். இந்தக் கேமராவுக்கு நடுவும் கோடியும் ஒண்ணு. சின்ன பிலிம், கொஞ்சம் பொடிப்பொடியா புள்ளி தெரியும். அதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.”

“இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா எடுக்க விட்டிருப்பீங்களா சார்?”

மேனேஜர் படத்தின் கோடிப் பக்கம் குனிந்து பார்த்தார். எனக்கோ ‘இவ என் நாத்தனாராக்கும்!’ என்று மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது.

அதற்குள் படம் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரிய டாக்டரும் எட்டிப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரல் வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“வாசலுக்கு நேரா மாட்டுங்க. அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணே வரட்டும்.”

என் கண் நிறைந்துவிட்டது. நாத்தனாரைக் கட்டிக்கொள்ளப் போனேன்.

என்னை முந்திக்கொண்டு ஓர் ஈரக் கை அவள் கையைப் பிடித்தது. சலவை அறையில் வேலை பார்க்கும் அம்மா. படத்தில் இடது கோடியில், கலைந்த தலையோடு, எங்கேயோ பார்த்தபடி நின்றிருந்தார்.

“எந்தப் படத்துலயும் என் மூஞ்சி தெரிஞ்சதே இல்ல கண்ணு. இதுல மட்டும் தெரியவா போகுதுன்னு தலைகூட சீவாம வந்து நின்னுட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை எடேன்.”