பவுடர் டப்பா

"நாலே நாலு மாத்திரைதான் டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர் பரந்தாமன். "மாசமா கீறாளேன்னு ஊர் நர்ஸம்மா குடுத்த இரும்பு மாத்திரை. மொத்தம் முப்பது. இருபத்தாறு நாளா என் கையாலயே இவளுக்கு எடுத்துக் குடுத்துகினு கீறேன். மிச்சம் நாலத்தான் புள்ள முழுங்கிட்டான். கணக்கு தப்பாது."

காலி அட்டையை மேசையில் வைத்தார்.

ரெண்டரை வயது கிஷோர் என் மடியில் இருந்தபடி டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை இழுத்துச் சிரித்தான். வெள்ளானூரிலிருந்து ஆவடி வருவதற்குள் ஆட்டோவில் மூன்று முறை வாந்தி எடுத்தவன். உதட்டில் இன்னும் மாத்திரைச் சிவப்பு.

"பதினோரு கிலோ. நாலுன்னா பயமில்ல," என்றார் டாக்டர் பவித்ரா. "நிறைய போயிருந்தாத்தான் ஆபத்து. கொஞ்ச நேரம் இப்படித்தான் சிரிப்பாங்க. உள்ள எண்ணெய் காறிப்போற மாதிரி, ஈரல் செல்லோட கொழுப்பு இரும்பால கெட்டு, செல்லு ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே வரும்."

என் வயிற்றில் இருப்பது உதைத்தது.

"பயமுறுத்திட்டியேடா கருவாயா," என்று பரந்தாமன் மகனின் தலையைத் தடவினார்.

டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, புள்ள சிரிச்சிகினு கீது, நீ அழுவுற?"

தினமும் பரந்தாமன் நீட்டும் மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டு, உள்ளங்கையில் ஒளித்துக்கொள்வேன். தண்ணீரை மட்டும் குடிப்பேன். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டு நாகம்மாக்கா சொல்லியிருந்தார். இந்த ஊரில் எனக்கு அவர் ஒருவர்தான் பேச்சுத்துணை.

வீட்டுக் குப்பையைக் கொட்டுவது பரந்தாமன். அதனால் ஒளித்ததையெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுவைத்தேன்.

ரெண்டு நாளாகக் கிஷோர் அதைக் கிலுகிலுப்பையாக ஆட்டிக்கொண்டிருந்தான். இன்று மூடி தனியாகக் கிடந்தது. டப்பா காலி. யாரும் பார்ப்பதற்குள் காலால் உள்ளே தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

டாக்டர் சீட்டை எடுத்தார். எத்தனை மாத்திரை என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

"முப்பது," என்றேன். "நான் ஒண்ணுகூடச் சாப்பிடல டாக்டர்."

பேனா விழுந்தது. டாக்டர் கிஷோரைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ் என்று கத்தியபடி ஓடினார்.

பின்னாலேயே ஓட எழுந்த என் கையைப் பரந்தாமன் பிடித்தார்.

"ஏண்டி?"

கிஷோர் பிறந்த அன்று, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, கையில் வாங்காமலேயே அவர் கேட்டதை, அவர் கேட்ட மாதிரியே திருப்பிச் சொன்னேன்.

"நம்ம ரெண்டு ஊட்லயும் இந்தக் கறுப்பு கெடயாதே. யாரு புள்ளடி இது?"