மணிக்கூண்டடியில் ஒரு பேர்

சேலத்தில் கலெக்டர் கச்சேரியையும் கோட்டை மாரியம்மன் கோயிலையும் காலணாச் செலவில்லாமல் நடந்தே பார்த்துவிட்டு, திருச்செங்கோட்டுச் சென்னியம்மாள் மணிக்கூண்டைத் தாண்டுகிறாள். ஊரில் புருஷனுக்குப் பின்னால் நடப்பவள். கூட்டத்தில் தொலைந்துவிடுவாளென்று இங்கே அவன்தான் அவளை முன்னால் விட்டிருக்கிறான். திரும்பினால் அவனைக் காணோம். பித்தளைக் கடைக் குடங்களில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. “ஏனுங்க!” என்கிறாள். ஏழெட்டுத் தலைப்பாகைகள் திரும்புகின்றன. நடுத்தெருவில் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிற ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதை நோக்கி ஒரு ஜட்கா வண்டி விரைந்து வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத பேரை அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள்: “நாச்சிமுத்தூ!” துள்ளி விலகியவன் அக்கம்பக்கம் பார்த்தபடி அவளிடம் வருகிறான். “நம்மூருக்குள்ள இப்படிக் கூப்புட்றாத சாமி.” “ஊருக்குள்ள நீங்க தொலைஞ்சு போக மாட்டீங்களே” என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் முன்னால் நடக்கிறாள்.